ஓடும் ஏட்டைப் படியெடுத்தல்



நான் வாழும் ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆதலின், கணினியைப் பற்றிய இன்றைய பேச்சையும் தறியிலிருந்தே தொடங்க எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

சேலையின் கரையிலும் முந்தானையிலும் மயில், அன்னம், மாங்காய் முதலிய உருவங்களை நெய்வதற்குத் தறியின் தலைமேல் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றுகிறார்கள். துளையிட்ட அட்டைகளைச் சங்கிலிபோல் கோத்து அதில் தொங்கவிடுகிறார்கள். ஊடை ஒருமுறை ஓடுவதற்கு அட்டை ஒன்று. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும்; அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் அமைத்துத் தந்த கருவி இது. கணினிக்கு முன்னோடியான பொறியைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், கட்டளைகளை அட்டையில் துளையிட்டுத் தரலாம் என்னும் எண்ணத்தை இத்தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. அப்படத்தை நெய்ய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தனவாம்.

அட்டைகள் நைந்துபோனால், அவற்றைப் பார்த்துப் புதியவற்றைக் குத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் முதல் அட்டையிலிருந்து வரிசையாகப் படியெடுத்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாதி வழி வருவதற்குள், இன்னொருவர் அதே சங்கிலியில் மயிலின் அட்டைகளைக் கழற்றிவிட்டு அன்னத்தின் அட்டைகளைக் கோத்துவிடுகிறார். படியெடுத்தவர் கையில் முடிவில் என்ன இருக்கும்? மயிலின் கால்களும் அன்னத்தின் கழுத்தும் உடைய ஒரு பறவை இருக்கும். ஒவ்வோர் அட்டையும் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டதுதான். ஆயினும் முழுச் சங்கிலி, யாரும் எந்நாளும் வரைந்திராத உருவத்தைக் காட்டும்.

தறியில் இத்துன்பம் நேர்வதில்லை. தறியை நிறுத்திவிட்டு அட்டையைக் கழற்றலாம். நெசவாளர் சற்று இளைப்பாறலாம். நிறுத்தவே இயலாத தறி ஒன்று இருந்தால், அதன் அட்டைகளை எவ்வாறு படியெடுப்பது? இன்று உங்களோடு நான் பேச விரும்பும் பொருள் அதுவே.

கல்லூரியில் நிரல் எழுதப் பயில்வோர் பதிப்புக் களஞ்சியம் என்பதனை அறிவீர்கள். பள்ளி மாணவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். நீங்கள் ஒரு கட்டுரையை எழுதி, அடித்துத் திருத்தி, மீண்டும் திருத்தி எழுதுகிறீர்கள். மூன்றாம் நாள், முதல் நாள் எழுதியதே நன்றாக இருந்தது என்று தோன்றுகிறது. அந்தத் தாள் குப்பைக் கூடையில் போய்விட்டது. நிரல் எழுதுவோர் இவ்வாறு இழக்க விரும்புவதில்லை. இன்ன நாளில், இன்னார், இன்ன காரணத்துக்காக இதனைத் திருத்தினார் என்ற குறிப்போடு ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகக் காத்து வைக்கிறார்கள். எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிச் செல்ல வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஏட்டுக்குத்தான் களஞ்சியம் என்று பெயர். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர் இதற்கென ஒரு கருவி செய்தார். பின்னர் ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ். ஆகியவை வந்தன. 2000ஆம் ஆண்டில் சப்வெர்ஷன் தொடங்கப்பட்டது. 2005 ஏப்ரலில், லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிட் என்பதனை எழுதத் தொடங்கினார். இன்று உங்களில் பெரும்பாலோர் பழகுவது இந்தக் கிட்தான்.

பலர் கூடி வேலை செய்யும்போது களஞ்சியம் ஒரு பொதுக் கணினியில் இருக்கும். சர்வர் என்று எல்லாரும் சொல்லும் அந்த வழங்கி இரவும் பகலும் ஓடும். நாம் உறங்கும் நேரம் அமெரிக்காவில் வேலை நேரம். ஆகவே ஊர் அடங்கிய பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்னும் நம் கணக்கு அங்கே செல்லாது. அந்த வழங்கியின் வட்டு ஒருநாள் கெட்டுப்போனால் ஆண்டுக்கணக்கான உழைப்பு போய்விடும். ஆகவே காப்புப் படி ஒன்று வேண்டும். அதனை ஓட்டம் நிற்காமலே எடுக்கவும் வேண்டும்.

கோப்புகளை எல்லாம் அப்படியே வேறு வட்டுக்குப் படியெடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கும் ‘ஆ’ பிரிவுக்கும் தனித்தனி வருகைப் பதிவேடு. எழுத்தர் காலை பத்து மணிக்குப் படியெடுக்கத் தொடங்குகிறார். பத்தேகாலுக்குள் ‘அ’ பிரிவின் பெயர்களை எழுதி முடிக்கிறார். பதினொரு மணிக்கு ஒரு மாணவனை ‘அ’ பிரிவிலிருந்து ‘ஆ’ பிரிவுக்கு மாற்றுகிறார்கள். பதினொன்றரைக்கு எழுத்தர் ‘ஆ’ பிரிவைப் படியெடுக்கிறார். இப்போது அந்த மாணவன் படியில் இரண்டு இடத்தில் இருக்கிறான். மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்திருந்தால் அவன் எங்குமே இருக்கமாட்டான். எழுத்தர் மீது குற்றமில்லை. அவர் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையே பள்ளி அசைந்துவிட்டது.

மேனாட்டுப் பள்ளிகளில் ஒரு குறும்பு உண்டு. பள்ளி முழுவதையும் நீண்ட வரிசையில் நிறுத்தி, மெல்லத் திரும்பும் புகைப்படக் கருவியால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை படம் எடுப்பார்கள். முதற்கோடியில் நின்ற ஒரு பையன், கருவி தன்னைக் கடந்தவுடன் பின்புறமாக ஓடி மறுகோடியில் போய் நின்றுகொள்வான். படத்தில் இரு கோடியிலும் அவனே சிரித்துக்கொண்டிருப்பான். தலைமையாசிரியனாக இருந்தவன் இதனைப் புகழக் கூடாது. ஆனால் இன்றைய பொருளுக்கு இதனினும் தெளிவான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலேயே இச்சிக்கலை மிகப் பெரிய அளவில் தீர்த்துக் காட்டிய பணி ஒன்று இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் சொல்கிறேன். நாட்டை நிறுத்தி வைத்து எண்ண முடியாது. எண்ணும்போதே குழந்தைகள் பிறக்கின்றன, முதியோர் இறக்கின்றனர், வேலூரில் இருந்தவர் ஆரணிக்கு வந்துவிடுகிறார். 1881ஆம் ஆண்டிலிருந்து 1931ஆம் ஆண்டு வரை இங்கே கையாண்ட முறை, கூடியவரை ஒரே இரவில் எண்ணிவிடுவது. அவரவர் அன்றிரவு எங்கே தங்கினாரோ அங்கேயே எண்ணப்பட்டார். ஏறத்தாழ நாட்டை ஓர் இரவு நிறுத்தி வைத்ததற்கு இது சமம். கணினித் துறையார் வழங்கியை நிறுத்திவிட்டுப் படியெடுப்பதும் இவ்வகையே. முறை எளிது, ஆனால் ஒரே இரவுக்கு எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1941 முதல் அம்முறையைக் கைவிட்டார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பிப்ரவரி 9 முதல் 28 வரை, இருபது நாள், வீடு வீடாகச் சென்று எண்ணினார்கள். ஆனால் கணக்கு எந்த நொடிக்கு உரியது என்பதனை முன்னதாகவே முடிவு செய்துவிட்டார்கள்: மார்ச் 1ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவு. பிறகு மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் ஒரு சுற்று வந்தார்கள். தாம் முதலில் வந்து சென்றதற்கும் அந்த நள்ளிரவுக்கும் இடையே பிறந்த குழந்தையைச் சேர்த்தார்கள்; இறந்தவர் பெயரை நீக்கினார்கள். மார்ச் 2ஆம் நாள் பிறந்த குழந்தை தொட்டிலில் கண்முன்னே கிடந்தாலும் சேர்க்கவில்லை. இரக்கமின்மை அன்று, கணக்கு ஒரே நொடிக்கு உரியதாக இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. எண்ணும் வேலை நீண்ட நேரம் எடுக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஒரு நொடிக்கு உரியதாதல் வேண்டும். மேலும், அந்நொடிவரை நடந்த மாற்றங்களை அறிந்து திருத்திக்கொள்ளும் வழி வேண்டும். களஞ்சியத்தைப் படியெடுப்போர் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

சப்வெர்ஷனை முதலில் பார்ப்போம். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு: 1, 2, 3 என்று வளர்ந்துகொண்டே போகும். இன்று பெரிதும் வழங்கும் அமைப்பில் பதிவு ஒன்றுக்குக் கோப்பு ஒன்று. எழுதி முடித்த திருத்தத்தில் பிறகு யாரும் கை வைப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் வெளியே ‘கரண்ட்’ என்னும் மிகச் சிறிய கோப்பு ஒன்று இருக்கிறது. கடைசிப் பதிவின் எண் எதுவோ அது மட்டுமே அதில் இருக்கும். புதிய பதிவு வரும்போது வழங்கி முதலில் அப்பதிவின் கோப்பை முழுதும் எழுதி வைக்கிறது. பிறகே அச்சிறு கோப்பில் எண்ணை மாற்றுகிறது. எண் மாறும் வரையில், அப்பதிவு உலகத்தார் கண்ணுக்கு இல்லாதது.

அப்படியானால் படியெடுப்பவர் எங்கே தொடங்க வேண்டும்? எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்: 5,200 என்று வைத்துக்கொள்வோம். பிறகு 1 முதல் 5,200 வரையுள்ள கோப்புகளைப் பொறுமையாகப் படியெடுக்கிறார். அதற்குள் 5,201, 5,202 வந்து சேர்ந்தால் அவற்றைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவை மார்ச் 2ஆம் நாள் பிறந்த குழந்தைகள். மாறாக, கோப்புகளை முதலில் எடுத்துவிட்டு எண்ணைக் கடைசியில் எடுத்தால் என்னாகும்? எண் 5,202 என்று சொல்லும். படியில் 5,200க்கு மேல் கோப்பு இராது. பொருளடக்கத்தில் உள்ள அதிகாரம் புத்தகத்தில் இல்லை என்னும் நிலை. இவ்வரிசையைத் தவறாமல் காக்கும் கட்டளையைச் சப்வெர்ஷன் செய்தோரே அமைத்துத் தந்திருக்கிறார்கள். அதற்கு ‘ஹாட்காப்பி’ என்று பெயர் வைத்தார்கள். அடுப்பிலிருந்து இறக்காமல் சூட்டோடு எடுப்பது என்று கொள்ளலாம்.

சப்வெர்ஷனின் தொடக்க காலத்தில் பெர்க்கிலி தரவுத்தளம் என்னும் வேறோர் அமைப்பும் வழக்கில் இருந்தது. அதில் நிலைமை தலைகீழ். எந்த மாற்றமும் முதலில் நாட்குறிப்பு போன்ற ஒரு கோப்பில் எழுதப்படும். பிறகே பேரேட்டில் ஏறும். கடைக்காரர் சிட்டையில் குறித்துக்கொண்டு பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது போலத்தான். அங்கே படியெடுப்போர் பேரேட்டை முதலிலும் நாட்குறிப்பைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். பேரேட்டின் படி அரைகுறையாக இருந்தாலும், பின்னால் வரும் நாட்குறிப்பைப் படித்து அதனை நிறைவாக்கிக்கொள்ளலாம். மார்ச் முதல் வாரத்துச் சுற்று இங்கே வந்துவிட்டது, பாருங்கள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எழுதுபவர் எந்த வரிசையில் எழுதுகிறாரோ, அதற்கு எதிர்வரிசையில் படியெடுப்பவர் செல்ல வேண்டும். அவர் கோப்பை எழுதிவிட்டு எண்ணை மாற்றினால், இவர் எண்ணை எடுத்துவிட்டுக் கோப்பை எடுக்க வேண்டும். அவர் நாட்குறிப்பை எழுதிவிட்டுப் பேரேட்டைத் தொட்டால், இவர் பேரேட்டை எடுத்துவிட்டு நாட்குறிப்பைத் தொட வேண்டும். மாணவர்களே, கருவிகள் மாறும். நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் கிட்டுக்குப் பதில் வேறொன்று வந்திருக்கலாம். அப்போதும் ‘இதில் எழுதும் வரிசை எது?’ என்று கேட்டால் படியெடுக்கும் வரிசை தானே கிடைக்கும்.

சி.வி.எஸ். என்ற பழைய கருவியில் இவ்வகை ஒழுங்கு குறைவு. அதில் நூலின் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் தனி ஏடு உண்டு. பத்து அதிகாரங்களை ஒருங்கே திருத்தினாலும் பத்து ஏடுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகவே எழுதப்படும். நடுவில் படியெடுத்தால் நான்கு புதியன, ஆறு பழையன என்று அகப்படும். படியெடுக்கும் வரை யாரும் எழுதாதபடி பூட்டுப் போடுவதே அங்கே வழி.

கிட்டின் அமைப்பு அழகியது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டே பெயர் அமைகிறது; நாற்பது எழுத்து நீளமுள்ள பெயர். உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பெயர் வேறாகிவிடும். ஆகவே ஒரு பொருள் கெட்டுப்போனால் அதன் பெயரே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். கிளைகள் என்பவை இப்பொருள்களைச் சுட்டும் விரல்கள். புதிய வேலை வரும்போது பொருள்கள் முதலில் வந்து சேரும்; பிறகே விரல் நகரும். நாம் கண்ட விதிப்படி, விரல்களை முதலில் படியெடுத்துப் பொருள்களைப் பின்னர் எடுக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு கவனம் வேண்டும். கிட் அவ்வப்போது தன் வீட்டைத் தானே பெருக்கும்; உதிரிப் பொருள்களை மூட்டையாகக் கட்டும்; யாரும் சுட்டாதவற்றை எறியும். பெருக்கிக்கொண்டிருக்கும் வேளையில் வெறுங்கோப்புகளைப் படியெடுக்கப் போனால், மூட்டை கட்டுவதற்கு முன் அங்கேயும் கட்டிய பின் இங்கேயும் பார்த்து, இரண்டு இடத்திலும் பொருளைத் தவறவிட நேரும். எனவே கோப்புகளை நேரே தொடாமல், கிட்டின் ‘குளோன்’, ‘பண்டில்’ ஆகிய கட்டளைகளைக் கொண்டு அதனிடமே கேட்டுப் பெறுவது நன்று.

கிட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறது. பிறகு காப்புப் படி எதற்கு என்று கேட்கும் மாணவர் உண்டு. கேள்வி நியாயமானதே. பாதி உண்மையும்கூட. ஆனால் வழங்கியில் மட்டும் இருப்பவை சில உள: யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்னும் உரிமைகள், பதிவு வரும்போது தானே இயங்கும் சிறு நிரல்கள், யாரும் இன்னும் இறக்கிக்கொள்ளாத கிளைகள். குளோன் செய்தால் இந்த உரிமைகளும் சிறு நிரல்களும் வருவதில்லை. அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பலர் இதனை வழங்கி போன பிறகே அறிகிறார்கள்.

இனி ஒரு நிகழ்ச்சி. கே.டி.இ. என்பது உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் கூடி உருவாக்கும் மென்பொருள் தொகுதி. 2013 மார்ச்சில் அதன் கிட் களஞ்சியங்கள் ஏறத்தாழ 1,500 இருந்தன. முதன்மை வழங்கியின் வட்டில் கோப்பமைப்பு கெட்டுப்போயிற்று. கவலை ஏன், உலகின் பல இடங்களில் அதன் பிரதிபலிப்பு வழங்கிகள் இருந்தனவே என்று தோன்றும். இருந்தன, அவை தம் கடமையைச் செவ்வனே செய்தன. முதன்மையில் கெட்டதை அவையும் கெடுத்துக்கொண்டன. முதன்மை தந்த களஞ்சியப் பட்டியலும் பழுதாகியிருந்தது. அப்பட்டியலில் காணாதவற்றை அவை தாமே நீக்கிவிட்டன. ஒரே ஒரு வழங்கியில் மட்டும் கெடாத படி தற்செயலாக எஞ்சியிருந்தது. அதனால் பிழைத்தார்கள்.

கண்ணாடி முன் நின்று முகத்தில் மை பூசிக்கொண்டால் கண்ணாடிக்குள் இருப்பவன் முகம் தூய்மையாகவா இருக்கும்? பிரதிபலிப்பு வேறு, காப்புப் படி வேறு. காப்புப் படி என்பது நேற்றைய நிலையை நேற்றையதாகவே வைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே படியின்மேல் திரும்பத் திரும்ப எழுதாமல், நேற்றையது, சென்ற வாரத்தது, சென்ற மாதத்தது என்று தனித்தனியாக வைத்தல் வேண்டும். அவை ஒரே கட்டடத்தில் இருத்தலும் ஆகாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுள் பலவற்றுக்கு வேறிடத்தில் படி கிடைத்தது. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகள் போனவை போனவைதான்.

தமிழில் இயங்கும் பெருங்களஞ்சியம் ஒன்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனைக் களஞ்சியமாக எண்ணிப் பார்த்திருக்கமாட்டீர்கள். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டில் அது ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதில் எந்தக் கட்டுரையையும் திறந்து ‘வரலாறு’ என்னும் சொல்லை அழுத்திப் பாருங்கள். முதல் நாளிலிருந்து யார் எந்தச் சொல்லை மாற்றினார் என்பது வரிசையாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் எந்நேரமும் யாரோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதனை நிறுத்திப் படியெடுக்க வழியே இல்லை.

விக்கிமீடியா நிறுவனத்தார் என்ன செய்கிறார்கள்? முதலில் எந்தெந்தப் பக்கம், ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தத் திருத்தம் என்னும் எலும்புக்கூட்டுப் பட்டியலை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் உரியதை நிரப்புகிறார்கள். பட்டியலுக்குப் பின் வந்த திருத்தம் அடுத்த படிக்கு உரியது. பழைய திருத்தம் மாறுவதில்லை ஆதலின், சென்ற முறை எடுத்த படியிலிருந்தே அதனை எடுத்துக்கொண்டு உழைப்பையும் மிச்சப்படுத்துகிறார்கள். இப்படியை உலகில் யார் வேண்டுமானாலும் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். ஆரணியில் ஒரு மாணவி தன் வீட்டுக் கணினியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் ஒருமுறையேனும் இதனைச் செய்து பார்க்க வேண்டும். இன்று நான் வாயால் சொல்லும் செய்தி அப்போது கண்ணால் காணக் கிடைக்கும்.

என்னிடம் படித்து இப்போது வெளியூரில் நிரல் எழுதும் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னார். அவர் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒவ்வோர் இரவும் களஞ்சியத்தின் கோப்புகளை வேறு வட்டுக்குப் படியெடுக்க ஏற்பாடு இருந்ததாம். ‘வெற்றி’ என்று நாள்தோறும் குறிப்பும் வந்ததாம். இரண்டு ஆண்டு கழித்து வட்டு கெட்டு, படியைத் திறந்தபோது அது திறக்கவில்லை. படியெடுத்த அதே இரவு நேரத்தில் வேறொரு தானியங்கி வேலை களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நாள்தோறும் வெற்றி என்று வந்தது கோப்புகள் போய்ச் சேர்ந்ததற்கு. களஞ்சியம் போய்ச் சேர்ந்ததற்கு அன்று. பலருடைய கணினிகளில் கிடந்தவற்றைச் சேர்த்து ஒட்டி, மூன்று வாரம் உழைத்தார்களாம். பழைய வரலாற்றில் ஒரு பகுதி வரவே இல்லை.

பெரிய இடத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. கிட்லேப் என்பது பல்லாயிரவர் தம் களஞ்சியங்களை வைத்திருக்கும் நிறுவனம். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், அங்கே ஒரு பொறியாளர் துணை வழங்கி என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவை நீக்கிவிட்டார். காப்புப் படிகளைத் தேடிப் போனபோது, தரவுத்தளத்தைப் படியெடுக்கும் வேலை சில காலமாகவே நடக்கவில்லை என்பது தெரிந்தது. தரவுத்தளம் ஒரு பதிப்பு, படியெடுக்கும் கருவி வேறொரு பதிப்பு. அதனால் வந்த பிழை. அப்பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சேரவேண்டியவரைச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த நொடிப்படம் இருந்ததால் மீண்டார்கள். களஞ்சியங்கள் போகவில்லை, ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் தரவுத்தளத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்களின் குறிப்புகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர்களின் கணக்குகளும் போயின. அந்நிறுவனத்தார் நடந்ததனைத்தையும் மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். மீட்கும் வேலையையும் யாவரும் காண நேரலையில் காட்டினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. தவற்றை மறைக்கும் வகுப்பில் யாரும் கற்பதில்லை.

நொடிப்படம் என்றேன். வட்டின் நிலையை ஒரே கணத்தில் உறையச் செய்து, அவ்வுறைந்த நிலையிலிருந்து மெல்லப் படியெடுக்கும் வசதி இன்றைய இயங்குதளங்களில் உண்டு. மிகவும் பயனுடையது. ஆயினும் களஞ்சியம் ஒரு வட்டிலும், அதற்குரிய பயனர் கணக்கும் விவாதமும் வேறொரு தரவுத்தளத்திலும் இருந்தால், இரண்டும் ஒரே கணத்தில் உறைந்தனவா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கு வருகிறேன். இப்போது சேலையின் வடிவங்களைக் கணினியில் வரைந்து, அட்டையின்றியே மின்சார ஜக்கார்டுக்குத் தரும் முறை வந்திருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே வரைகிறார்கள். தாத்தா காலத்து அட்டைச் சங்கிலி பரணில் கிடந்தால் எலி கடித்ததும் கண்ணுக்குத் தெரியும்; கணினியில் உள்ள வடிவம் போனால் போன சுவடே தெரியாது. இவ்வாறு இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு கூடத்தில் வழங்கி இருந்தால், நான் மேலே சொன்ன நுட்பங்கள் எதுவும் வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் படியெடுங்கள். 1931ஆம் ஆண்டு முறை சிறிய இடத்துக்கு மிகச் சிறந்த முறை. நிறுத்தக்கூடியதை நிறுத்தாமல் எடுப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

நிறுத்த முடியாத இடத்தில் வேலைக்குப் போவோர், படியெடுத்த அன்றே அதனை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். சப்வெர்ஷனில் ‘வெரிஃபை’, கிட்டில் ‘எஃப்எஸ்சிகே’ என்னும் கட்டளைகள் ஒவ்வொரு பொருளையும் தொட்டுச் சோதிக்கும். கடைசிப் பதிவின் எண் நீங்கள் குறித்துக்கொண்ட எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று ஆண்டுக்கு முந்திய ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்து, அன்றைய நிலையை வெளியே எடுத்து இயக்கிப் பாருங்கள். முதல் முறை இதற்கு ஒரு முழுப் பிற்பகல் ஆகும். கடவுச்சொல் ஒருவரிடம் இருக்கும், சிறு நிரல் ஒன்று வேறெங்கோ இருக்கும். தேடித் திரிய நேரும். அத்தேடலில் கண்டதை எல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதி, படி இருக்கும் இடத்திலேயே வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுதவேண்டாம். அது யாரிடம் இருக்கிறது என்று எழுதினால் போதும். அத்தாளை வழங்கிக்குள் வைத்துவிடாதீர்கள்.